அப்பா எதையுமே ஆரம்பிப்பதில்லை. ஸ்கேனில் ‘சின்ன ரத்தக்குழாய் மாற்றம்’ என்று வந்திருக்கிறது

கெடிலக்கரை
மார்ச் 3, இரவு 9:50

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றாலும் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார், ஒரு டீ போதும்.

ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டார். காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை அங்கேயேதான். பேப்பர் மடியில் கிடக்கும், பக்கம் திரும்பாது. ஏதாவது கேட்டால் பதில் சொல்வார், ஆனால் நாம் கேட்டதை மறந்துவிட்டாரோ என்று நினைக்கும் நேரத்தில்தான் பதில் வரும். அழுவதில்லை. கோபமும் இல்லை. பின்கட்டில் எங்கள் வீட்டு அரை எச்.பி. மோட்டாரைத் தீபாவளிக்கு முன்பு கழற்றினார். சாக்கின்மேல் பரப்பியது பரப்பியபடி இன்றைக்கும் கிடக்கிறது.

நடையும் குறுகிவிட்டது. பொங்கல் முடிந்து இரண்டு நாளில் குளியலறை வாசலில் விழுந்தார். அடி பெரிதாக இல்லை. தலையில் பட்டிருக்குமோ என்று எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டில் ‘வெண்பொருளில் சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள், ஃபேசிகாஸ் 2, வலது தலாமஸில் பழைய லாக்குனார் இன்ஃபார்க்ட்’ என்று இருந்தது. பார்த்த டாக்டர் “வயசானா இதெல்லாம் இருக்கும்மா” என்று கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெளியே இன்னும் நாற்பது பேர் நின்றார்கள், அவரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

அம்மா இதைச் சோம்பல் என்கிறார். “அவரு வாயத் தெறந்து என்கிட்ட ஒரு சண்டை போட்டாக்கூட போதும்டி” என்று போன வாரம் அழுதார். தம்பி இது மனச்சோர்வு என்கிறான். நான் ஒரு நாள் அப்பாவைக் கத்திவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது என்னைத் தூங்கவிடவில்லை.

இது மூளையா, மனசா? யாரிடம் காட்டுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


காந்தக்கூண்டு
மார்ச் 3, இரவு 10:35

அம்மா, நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் பல வருடம் எம்.ஆர்.ஐ. எடுத்தவன். ரிப்போர்ட்டில் இருக்கிற சொற்களை மட்டும் உடைத்துச் சொல்கிறேன்.

மூளையின் எடை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு சும்மா இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. பெரிய குழாய்கள் மூளையின் அடியிலும் மேற்பரப்பிலும் ஓடும். அவற்றிலிருந்து நூல் மாதிரி சின்னக் கிளைகள் பிரிந்து மூளைக்குள்ளே ஆழமாக இறங்கும். அந்த ஆழத்தில் இருப்பதுதான் வெண்பொருள், அதாவது ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் இணைக்கும் நரம்புக் கம்பிகள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. காட்டுமன்னார்கோவில் பக்கம் கடைமடை வயல்களைப் பார்த்திருப்பீர்கள். கீழணையில் திறந்த தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் வந்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில் அங்கே போய்ச் சேரவேண்டும். மேலே கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது கடைமடைதான். வெண்பொருள் மூளையின் கடைமடை. அந்தச் சின்னக் குழாய்களுக்குப் பக்கத்து வாய்க்கால் உதவி பெரும்பாலும் கிடையாது. பல வருடம் பிரஷர் அதிகமாக இருந்தால் குழாயின் சுவர் தடித்து, உள்வழி சுருங்கி, கசியவும் ஆரம்பிக்கும்.

பாதித்த இடம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். ஃபேசிகாஸ் என்பது ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் ஒருவரின் பெயர். 1987இல் அவர் குழு கொடுத்த அளவுகோல் இது. 0 என்றால் ஒன்றுமில்லை, 1 என்றால் தனித்தனிப் புள்ளி, 2 என்றால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்துவிட்டன, 3 என்றால் பெரிய திட்டு. லாக்குனார் என்பது ஒரு சின்னக் குழாய் முழுதாக அடைத்து, அந்த இடம் மட்டும் செத்து, 3 முதல் 15 மில்லிமீட்டர் அளவில் விழுந்த குழி. அப்பாவுக்குத் தெரியாமலே என்றைக்கோ நடந்திருக்கும்.

நரைக்காவது வயதைக் காரணம் சொல்லலாம். 2ஆம் நிலைக்கு வயதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.


பண்ருட்டிப் பலா
மார்ச் 4, காலை 6:20

காந்தக்கூண்டு ஐயா சொன்னது தெளிவாக இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு.

இந்த வெள்ளைப் புள்ளி யாருக்குத்தான் இல்லை? நெதர்லாந்தில் ராட்டர்டாம் ஆய்வில் 60 முதல் 90 வயதுக்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரை ஸ்கேன் செய்தார்கள். ஒரு புள்ளிகூட இல்லாதவர்கள் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் பேரும் திண்ணையில் பேசாமலா உட்கார்ந்திருந்தார்கள்?

ஆலை மணிக்கு எழுந்து, ஆலை மணிக்குச் சாப்பிட்டு வாழ்ந்த மனிதர். அதை எடுத்துவிட்டோம். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்திருப்பார்கள். பேரப்பிள்ளை போனில் இருக்கிறான், மகன் வெளியூரில் இருக்கிறான். இதில் ஒரு மனிதன் பேச்சை நிறுத்தினால் அது மூளைக்குழாய் என்று எடுத்தவுடன் சொல்லலாமா? மனுசனின் துக்கத்தை எல்லாம் ஸ்கேன் படத்தில் தேடிக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆளில்லாமல் போய்விடும். என் பெரியப்பாவுக்கு அதுதான் நடந்தது.


நள்ளிரவுப் பணி
மார்ச் 4, பிற்பகல் 1:15

மனநல மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் அப்பாவுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். பொதுவாக எழுதுகிறேன்.

// மீதி 95 சதவீதம் பேரும் திண்ணையில் பேசாமலா உட்கார்ந்திருந்தார்கள்? //

நியாயமான கேள்வி. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. எவ்வளவு இருக்கிறது, எந்த இணைப்பில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியும், ஆழத்தில் உள்ள தலாமஸ் முதலிய முடிச்சுகளும் வெண்பொருள் வழியாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஒரு வேலையைத் தொடங்குவது, எது முதலில் எது அடுத்து என்று வரிசைப்படுத்துவது, நடுவில் வழி மாற்றுவது எல்லாம் அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. அந்தக் கம்பிகளிலும் தலாமஸிலும் அடி விழுந்தால் பலருக்கு நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும். தொடங்கும் திறன்தான் போகும். கழற்றிப் போட்ட மோட்டார் என்று படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

முதுமையில் புதிதாக வரும் மனச்சோர்வில் ஒரு வகையை ‘ரத்தக்குழாய் சார்ந்த மனச்சோர்வு’ என்று 1997இல் அமெரிக்காவில் ஜார்ஜ் அலெக்சோபோலஸ் குழுவினர் முன்வைத்தார்கள். அதே வருடம் ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து ரங்கா கிருஷ்ணன் எம்.ஆர்.ஐ.யை வைத்து அதே திசையில் எழுதினார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்த வகையில் கண்ணீரும் குற்ற உணர்வும் குறைவாக இருக்கும். மந்தம், ஆர்வமின்மை, திட்டமிட முடியாமை அதிகமாக இருக்கும். தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம்.

இதை ஒட்டியே இன்னொன்று இருக்கிறது. மனச்சோர்வே இல்லாமல் வெறும் ஆர்வமின்மை மட்டும் வரலாம். அந்த மனிதருக்கு உள்ளே துக்கம் இருக்காது, தானாக எதையும் ஆரம்பிக்க மாட்டார், அவ்வளவுதான். நாம் கையைப் பிடித்து அழைத்துப் போனால் வருவார், ரசிக்கவும் செய்வார். மனச்சோர்வில் இருப்பவரோ போன இடத்திலும் சுவை காண மாட்டார். “நான் பாரம்”, “நான் எதுக்கு” என்பார். இரண்டும் சேர்ந்தும் வரும்.

அதனால் உங்களிடம் சில கேள்விகள். கடைசியாக வெளியே அழைத்துப் போனபோது எப்படி இருந்தார்? விடியற்காலை விழித்துக்கொள்கிறாரா? பசி? சாவைப் பற்றி ஏதாவது சொன்னாரா? பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

பலா ஐயா, நீங்கள் சொன்ன தனிமையை நான் தள்ளவில்லை. அது நோயை இன்னும் ஆழமாக்கும். ஆனால் இந்தக் குறுகிய நடைக்குத் துக்கத்தை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.


கெடிலக்கரை
மார்ச் 4, இரவு 10:10

நீங்கள் கேட்ட பிறகு இன்று முழுக்க அப்பாவையே கவனித்தேன்.

காணும் பொங்கலுக்கு சில்வர் பீச் போனோம். வர மாட்டார் என்று நினைத்தோம், செருப்பை எடுத்து வைத்ததும் வந்தார். சுண்டல் சாப்பிட்டார், என் மகனோடு அலையில் கால் நனைத்தார், சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட “போலாமா” என்று அவராகக் கேட்டதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பதாக அம்மா சொல்கிறார். “உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன்” என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அப்போது நான் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. இன்று மோட்டாரைக் காட்டி, “என்ன பேரிங்ப்பா இது?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “ரெண்டும் 6202” என்றார். “சரி, இப்ப முதல்ல என்ன செய்யணும்?” என்றேன். மோட்டாரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்து எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாத்திரை விஷயம் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்பா வாங்கிக்கொள்வார். அதனால் சாப்பிடுகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். இன்று அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பிரிக்காத அட்டைகள். எண்ணினேன், ஏழு மாதத்து மாத்திரை.


முத்தியால்பேட்டை சிஸ்டர்
மார்ச் 4, இரவு 11:00

கண்ணு, அந்த டப்பாவை நினைத்து உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன். எழுந்து, தண்ணீர் எடுத்து, அட்டையைப் பிரித்து, சரியான மாத்திரையை வாயில் போடுவது நமக்கு ஒரே வேலை. அவருக்கு அது நாலு வேலை. மோட்டார் மாதிரியேதான். பிரஷர் குழாயைக் கெடுத்தது, கெட்ட குழாய் ஆரம்பிக்கும் திறனை எடுத்துக்கொண்டது, அது போனதால் மாத்திரை உள்ளே போகவில்லை, பிரஷர் மறுபடியும் ஏறுகிறது. இந்தச் சுழலைத்தான் முதலில் வெட்டவேண்டும். அதற்கு அவரை நம்பிப் பயனில்லை, நீங்கள்தான் கையில் கொடுத்து, முழுங்குவதைப் பார்க்கவேண்டும்.

ஆனால் ஒன்று, நாளைக்கே டப்பாவில் இருப்பதை எல்லாம் பழைய அளவில் ஆரம்பித்துவிடாதே. ஏழு மாதம் சாப்பிடாதவர். டப்பாவோடு டாக்டரிடம் போ, நடந்ததை அப்படியே சொல்லு. வீட்டில் கையில் கட்டும் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கு. ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்க்கவேண்டும். அப்புறம் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் விழுந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லு. ஏற்கெனவே விழுந்தவருக்குத் தலைசுற்றல் வந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

பாரமா இருக்கேன் என்று சொன்னதை அலட்சியம் செய்யாதே. பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேள்: “சாகணும்னு தோணுதாப்பா?” கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்து. ராத்திரியில் யாரிடமாவது பேசவேண்டும் என்றால் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், காசு இல்லை.


வில்லியனூரான்
மார்ச் 5, காலை 7:45

அக்கா, என் அம்மாவுக்கு இதே கதை. அவருக்கு 68 வயதில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அறிகுறி வேறு மாதிரி வந்தது. டிவியில் யாரோ ஒருத்திக்குத் தாலி கட்டினாலே தேம்பித் தேம்பி அழுவார். கேட்டால் “எனக்கு ஒண்ணும் துக்கம் இல்லடா, தானா வருது” என்பார். நாங்கள் நம்பவில்லை. அழுகையை அடக்கும் மூளை வழித்தடம் கெட்டாலும் இப்படி வரும் என்று பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார். அம்மா சொன்னது உண்மைதான். இரண்டு வருடம் அவரைப் பொய்க்காரி ஆக்கியிருந்தோம்.

நான் எழுதவந்தது மருந்து பற்றி. அம்மாவுக்கு மனச்சோர்வு மாத்திரை ஒன்று ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் அம்மா படுக்கையிலேயே இருந்தார், என்னை என் மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நோய் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் பாதாளத்தில் இருந்தது. ஏற்கெனவே பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இது மேலே சேர்ந்ததும் உப்பு இறங்கிவிட்டது. அதைச் சரிசெய்ததும் நாலு நாளில் என் பெயர் அவர் வாயில் திரும்பி வந்தது. மருந்தை மாற்றினார்கள், அதற்குப் பிறகு நன்றாகவே இருந்தார்.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் ஒருமுறை சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.


நள்ளிரவுப் பணி
மார்ச் 5, பகல் 12:30

வில்லியனூரான் சொன்னது மிக முக்கியம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மாத்திரையும் தயாசைடு வகை நீர் மாத்திரையும் சேரும்போது முதியவர்களுக்குச் சோடியம் இறங்குவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது.

மருந்து பற்றி இன்னும் கொஞ்சம். தொடங்குதல், திட்டமிடுதல் கெட்டுப்போன முதியவர்களிடம் மனச்சோர்வு மாத்திரை முழுதாக வேலை செய்யாமல் போகலாம். இது தெரியாமல், பலன் இல்லை என்று ஒரு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அல்லது அளவை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். சிலருக்கு இந்த மாத்திரையே ஆர்வமின்மையைக் கூட்டவும் செய்யும். அப்படிப்பட்டவர்களுக்கு ‘பிரச்சினை தீர்க்கும் பயிற்சி’ என்று ஒரு பேச்சு சிகிச்சை உண்டு. அலெக்சோபோலஸ் குழுவே அதைச் சோதித்து, வெறும் ஆறுதல் பேச்சைவிட அது நன்றாக உதவியது என்று எழுதியிருக்கிறது. ஒரு பெரிய வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, முதல் துண்டை மட்டும் முன்னால் வைப்பார்கள். அது முடிந்த பிறகே அடுத்த துண்டு.

எங்கே காட்டுவது என்று கேட்டீர்கள். மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனையில் பொது மருத்துவம், மனநலம் இரண்டும் உண்டு. அங்கே ஆரம்பியுங்கள். தைராய்டு, பி12, சோடியம், சிறுநீரகம், சுகர் பார்ப்பார்கள். தைராய்டு குறைந்தாலும் பி12 குறைந்தாலும் மனிதர் இதேபோல் மந்தமாகத்தான் இருப்பார். நரம்பியலும் தேவை என்றால் ஜிப்மரில் இரண்டு துறையும் இருக்கின்றன. எந்தக் கதவில் நுழைந்தாலும் சரி. அந்தப் பேரிங் கதையை, சொன்ன வார்த்தை மாறாமல் அங்கே சொல்லுங்கள். எங்களுக்கு அது பத்துப் பக்க ரிப்போர்ட்டைவிட அதிகம் சொல்லும்.


தாழங்குடா தம்பி
மார்ச் 5, மாலை 4:05

ஆஸ்பிரின் ஆரம்பித்துவிட்டால் என்ன? எங்கள் சித்தப்பாவுக்கு ஸ்கேனில் இப்படி வந்ததும் மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கி தினம் ஒன்று போடுகிறோம். ரத்தம் கெட்டியாகாதாம்.


முத்தியால்பேட்டை சிஸ்டர்
மார்ச் 5, மாலை 5:30

தம்பி, யார் எழுதிக்கொடுத்தது? இதய அடைப்போ, பக்கவாதமோ வந்து டாக்டர் கொடுத்திருந்தால் நிறுத்தாதே. ஸ்கேனில் மட்டும் தெரிந்த சின்னக்குழாய் மாற்றத்துக்காக ஆஸ்பிரின் வேண்டாம் என்றுதான் 2021இல் ஐரோப்பியப் பக்கவாத அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இந்தக் குழாய்களுக்கு அடைக்கவும் தெரியும், கசியவும் தெரியும். கசிகிற குழாய்க்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசி. சித்தப்பாவை நாளைக்கே டாக்டரிடம் காட்டு.


காந்தக்கூண்டு
மார்ச் 5, மாலை 6:10

சிஸ்டர் சொன்னதற்குத் துணையாக: எம்.ஆர்.ஐ.யிலேயே எஸ்.டபிள்யூ.ஐ. என்று ஒரு படம் உண்டு. பழைய நுண்கசிவுகள் அதில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். கெடிலக்கரை அம்மா, அப்பாவின் ஸ்கேனில் அது எடுத்திருக்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். படம் உள்ள சி.டி.யையும் கையோடு கொண்டு போங்கள், வெறும் தாள் போதாது.

சிறுநீர் அவசரம் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். குறுகிய நடை, மந்தம், சிறுநீர் அடக்கமுடியாமை மூன்றும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் தேங்கும் இன்னொரு நோயையும் டாக்டர்கள் நினைப்பார்கள். அதற்கு அறுவை சிகிச்சை வழி இருக்கிறது, தவறவிடக் கூடாது.


லாசுப்பேட்டை நடை
மார்ச் 6, காலை 8:20

பிசியோதெரபிஸ்ட். நடை பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை.

இந்த நோயில் கால் பலம் போவதைவிட, கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சின்னச் சின்ன அடி, திரும்பும்போது தடுமாற்றம். நடந்துகொண்டே பேசச் சொன்னால் நின்றுவிடுவார்கள். அதனால் அப்பா நடக்கும்போது யாரும் கேள்வி கேட்காதீர்கள். வாசற்படியில், குளியலறை வாசலில் தரையில் பளிச்சென்று ஒரு பட்டை ஒட்டுங்கள், அதைத் தாண்டவேண்டும் என்று கண் சொன்னால் கால் தூக்கும். குளியலறையில் கைப்பிடி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு. கூட ஒருவர் வந்து தினம் அரை மணி நடக்கவேண்டும். புதுச்சேரியில் என்னிடம் வருகிறவர்களைக் கடற்கரைச் சாலைக்கு மாலையில் அழைத்து வரச் சொல்வேன், வண்டி விட மாட்டார்கள், தரை சமமாக இருக்கும். கடலூரில் மணலில் வேண்டாம்.


கெடிலக்கரை
மார்ச் 6, இரவு 9:15

அப்பாவிடம் கேட்டுவிட்டேன். வார்த்தை வாயில் வரவே நேரம் ஆனது. “அப்படியெல்லாம் இல்லம்மா. ஆனா ஏன் இருக்கேன்னு தெரியல” என்றார். அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவரைச் சோம்பேறி என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் போகிறோம். இரண்டு நாளாகக் காலையில் பிரஷர் 168/94, 172/96. ஊறுகாயும் கருவாடும் தட்டில் குறைத்தால் அப்பா சாப்பிடுவாரா என்று அம்மாவுக்குக் கவலை.


முத்தியால்பேட்டை சிஸ்டர்
மார்ச் 6, இரவு 10:00

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. உலக சுகாதார நிறுவனம் சொல்வது. ஒரேயடியாக நிறுத்தினால் சாப்பாட்டையே தள்ளிவிடுவார். முதலில் அப்பளத்தை எடு, அடுத்த வாரம் ஊறுகாய். கருவாட்டுக்குப் பதில் பச்சை மீன், கடலூர்த் துறைமுகத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன குறை? புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டால் உப்புக் குறைவு தெரியாது.


பண்ருட்டிப் பலா
மார்ச் 7, காலை 6:05

கேட்டவரைக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. என் கொல்லையில் ஒரு சிங்கிள் பேஸ் மோட்டார் இருந்தது. சுவிட்ச் போட்டால் கரண்ட் வரும், ‘ம்ம்ம்’ என்று முனகும், சுற்றாது. காயில் (கம்பிச்சுருள்) போய்விட்டது என்று தூக்கிப்போட இருந்தேன். பழுது பார்க்க வந்தவர் ஃபேன் பக்கம் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினார், ஓட ஆரம்பித்துவிட்டது. மோட்டாரை முதலில் சுற்றவைக்கிற கண்டென்சர்தான் போயிருந்தது. அந்த அப்பாவின் கதையைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. பெரியப்பாவையும் யாராவது ஒருவர் தள்ளிவிட்டிருக்கலாம். நாங்கள் சுற்றி நின்று “ஏன் ஓட மாட்டேங்குற” என்றே கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் தள்ளிவிடுகிற கை பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதை நான் விடமாட்டேன். மாத்திரை எழுதுகிற டாக்டர் அதைத் தரமாட்டார்.


நள்ளிரவுப் பணி
மார்ச் 7, காலை 7:40

பலா ஐயா, இதை நாளைக்கு வார்டில் ஒரு குடும்பத்துக்குச் சொல்லப்போகிறேன்.

பிரஷர் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் என்ற ஆய்வில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் மேல் அளவை 120க்குள், மறுபக்கம் 140க்குள் வைக்க முயன்றார்கள். 2019இல் வந்த முடிவில், இறுக்கமாகக் குறைத்தவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. ஸ்கேனில் வெள்ளைத் திட்டு வளர்வதும் குறைந்தது. முழு டிமென்ஷியா (மறதி நோய்) குறைந்ததா என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு போதவில்லை. சுகர் உள்ளவர்களையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் அதில் சேர்க்கவும் இல்லை. அதனால் அப்பாவுக்கு எந்த எண் என்பதை, நிற்கும்போது எவ்வளவு விழுகிறது என்று பார்த்து அவருடைய டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும். செத்த இடம் திரும்பாது. அடுத்த வாய்க்கால் அடைபடாமல் தடுக்கலாம்.


வில்லியனூரான்
மார்ச் 7, காலை 9:30

அக்கா, உங்கள் அம்மாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் அப்பா, அம்மாவைப் பார்த்துப் பார்த்தே ஆறு கிலோ இளைத்தார், நாங்கள் கவனிக்கவே இல்லை. வாரத்தில் ஒரு பொழுதாவது அவரைப் பாடலீஸ்வரர் கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ தனியாக அனுப்புங்கள். அந்த நேரம் நீங்கள் அப்பாவோடு இருங்கள்.


கெடிலக்கரை
ஏப்ரல் 14, மாலை 6:40

எல்லோருக்கும் புத்தாண்டு வணக்கம். ஐந்து வாரம் ஆகிவிட்டது.

பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். தைராய்டு சரியாக இருக்கிறது. பிரஷருக்கு நீர் மாத்திரை இல்லாமல் வேறு கொடுத்தார்கள், காலைக் காப்பியோடு அம்மாவே கையில் கொடுக்கிறார். இந்த வாரம் உட்கார்ந்து 138/82, நின்று 130. மனநல டாக்டர் அரை மணி நேரம் பேசினார், இரண்டும் சேர்ந்து இருக்கிறது என்றார், குறைந்த அளவில் ஒரு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். பத்தாம் நாள் சோடியம் பார்த்தோம், 136. எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. நுரையீரல், கண், காது என்று மற்ற எதையும் விடாமல் பார்க்கச் சொன்னதில், வலது காது மந்தம் என்று தெரிந்தது. நாங்கள் கேட்டதில் பாதி அவருக்குக் கேட்டிருக்கவே இல்லை.

தூக்கம் ஐந்து மணி வரை வந்திருக்கிறது. திண்ணை இன்னும் திண்ணைதான். பேப்பரில் ராசிபலன் பக்கம் மட்டும் திரும்புகிறது.

மோட்டார் வேலையைத் துண்டு துண்டாக வெட்டினோம். தினம் ஒரு சீட்டில் ஒரே ஒரு வேலை எழுதிக் காப்பி டம்ளருக்கு அடியில் வைப்பேன். ‘ஷாஃப்டைத் துடைக்கவும்.’ ‘பழைய பேரிங்கைக் கழற்றவும்.’ முதல் வாரம் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார், என் மகன் போய் ஸ்பேனரை அவர் கையில் வைத்தால்தான் வேலை நடக்கும். சில நாள் அதுவும் நடக்கவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம்.

இன்று லீவு, சீட்டு எழுத மறந்துவிட்டேன். பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. பின்கட்டிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். “ஏம்மா, கண்டென்சர் வாங்கலையா? பத்து எம்.எஃப்.டி. போதும்.”

அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். புத்தாண்டு அன்று எலக்ட்ரிக்கல் கடை எது திறந்திருக்கும் என்று தெருவில் கேட்டுக்கொண்டு கிளம்பினேன். மஞ்சக்குப்பத்தில் ஒன்று திறந்திருந்தது.